விடுமுறை இல்லத்துக்குச் சட்டச் செலவுக் காப்பீடு தேவையா? பாலிசி புதுப்பிக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது

1. இரண்டாம் வீடு

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு ஒரு விடுமுறை இல்லம் உள்ளது. ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் அது பூட்டியே இருக்கும். இரண்டு மாதம் நாங்கள் போய்த் தங்குவோம். மீதி நாட்களில் விருந்தினர்களுக்கு வார வாடகைக்கு விடுவோம். அந்த வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்படி கடிதம் வந்திருக்கிறது. அதில் இதுவரை என் கண்ணில் படாத ஒரு கேள்வி இருக்கிறது. சட்டச் செலவுக் காப்பு வேண்டுமா என்று கேட்டு, ஆம், இல்லை என இரண்டு கட்டங்களைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பாலிசியில் இதே பெயரில் ஒரு பிரிவு ஏற்கனவே இருக்கிறது. அப்படியானால் ஒரே காரியத்துக்கு இருமுறை பணம் கட்டுகிறேனோ என்பதே என் முதல் சந்தேகம்.

இரண்டாவது, இதை எழுதத் தூண்டிய காரணம். ஆறு மாதத்துக்கு முன் அந்த வீட்டின் கூரை ஓடுகளை ஓர் ஒப்பந்ததாரரைக் கொண்டு மாற்றினோம். முதல் மழையிலேயே மாடிப் படுக்கையறையின் மேற்கூரையில் ஒரு கறை தோன்றியது. ஒவ்வொரு முறை போகும்போதும் என் கணவர் நாற்காலியில் ஏறி, கறையின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு வரைந்து, பக்கத்தில் தேதியைக் குறித்து வருகிறார். இப்போது ஒன்றைச் சுற்றி ஒன்றாக ஐந்து கோடுகள் இருக்கின்றன. ஒப்பந்ததாரர் ஒருமுறை வந்து எதையோ பூசிவிட்டுப் போனார். அதன்பின் தொலைபேசியை எடுப்பதே இல்லை. நான் ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டால் இந்தத் தகராறுக்கு அது உதவுமா?

2. கோப்புக்காரர்

வணக்கம் அம்மா. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டச் செலவுக் கோப்புகளைப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. உங்கள் இரு கேள்விகளுக்கும் விடை சொல்லும் முன், இந்தக் காப்பு எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெரும்பாலான வருத்தங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வருபவை.

உங்கள் வீட்டுப் படிக்கட்டில் விருந்தினர் ஒருவர் வழுக்கி விழுந்து உங்கள்மேல் வழக்குப் போட்டால், அதை எதிர்த்து நடத்துவது பொறுப்புக் காப்பீட்டின் வேலை. இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் அதிலிருந்தே வரும். சட்டச் செலவுக் காப்பீடு அதற்கானது அல்ல. உங்களுக்கு இழைக்கப்பட்ட கெடுதலுக்காக நீங்கள் ஒருவரைத் தொடர வேண்டியிருக்கும்போது, அல்லது பொறுப்புக் காப்பீடு தொடாத ஒரு தகராறில் உங்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கும்போது, வழக்கறிஞர், நிபுணர் சாட்சி, நீதிமன்றக் கட்டணம் ஆகியவற்றை அது ஏற்கும். தோற்றால் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டிய செலவுத்தொகையையும் பெரும்பாலும் அதுவே ஏற்கும். நீங்கள் கேட்கும் இழப்பீட்டுத் தொகையை அது ஒருபோதும் தராது. வழக்கு நடத்தும் செலவை மட்டுமே தரும்.

இந்த வகைக் காப்பீட்டை மட்டுமே விற்பதற்கென ஒரு நிறுவனம் 1917-இல் பிரான்சின் லெ மான் நகரில் தொடங்கப்பட்டது. மோட்டார் வாகன உரிமையாளர்களின் வழக்குச் செலவுக்காகத் தோன்றியது அது. வீட்டுக்கும் வேலைக்கும் ஒப்பந்தங்களுக்கும் இந்தக் காப்பு பின்னால்தான் விரிந்தது. இன்றும் ஒவ்வொரு பாலிசியும் தனித்தனித் தலைப்புகளாகவே எழுதப்படுகிறது. ஒரு தலைப்புக்குள் வராத தகராறு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் காப்புக்கு வெளியேதான் நிற்கும்.

இனி உங்கள் முதல் சந்தேகம். குடியிருக்கும் வீட்டின் பாலிசியில் உள்ள சட்டச் செலவுப் பிரிவில் ‘சொத்து’ என்பதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில், பாலிசியோடு வரும் விவர அட்டவணையில் முகவரி குறிப்பிடப்பட்டுள்ள, நீங்கள் வசிக்கும் வீடு என்றே இருக்கும். அந்தப் பிரிவு உங்கள் விடுமுறை இல்லத்தின் கூரையையோ வேலியையோ பக்கத்து வீட்டுச் சத்தத்தையோ தொடாது. போதாக்குறைக்கு, நீங்கள் அந்த வீட்டை வாடகைக்கு விடுகிறீர்கள். வணிக நோக்கில் எழும் தகராறுகளைத் தனிநபர் பாலிசிகள் விலக்கிவிடுவதே வழக்கம். ஆகவே நீங்கள் இருமுறை பணம் கட்டவில்லை. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு.

3. நீலக்கதவு

கோப்புக்காரர் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். யாராவது ஒருவராவது நான் செய்த தவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் விடுமுறை இல்லத்துக்குப் பொதுப் பாதையிலிருந்து போகும் வழி, பக்கத்து நிலத்தின் ஓரமாகச் செல்கிறது. எங்கள் பத்திரத்தில் அந்த வழியுரிமை எழுதப்பட்டிருக்கிறது. நிலத்தை வாங்கிய புதிய உரிமையாளர் ஒரு நாள் அந்த வழியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். அன்று மாலை ஐந்து மணிக்கு வர வேண்டிய விருந்தினர் குடும்பம் கைக்குழந்தையோடும் பெட்டிகளோடும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றது. அந்தப் படபடப்பில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்தேன். அவர் மூன்று கடிதங்கள் எழுதினார், பத்திரங்களைப் பரிசீலித்தார், ஓர் அளவையாளரையும் வரவழைத்தார். ஏழு வாரம் கழித்துத்தான் பாலிசியில் சட்டச் செலவுக் காப்பு இருப்பது நினைவுக்கு வந்து காப்பீட்டாளருக்கு எழுதினேன்.

தகராறு காப்புக்குள் வருவதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலுக்கு முன் ஏற்பட்ட செலவு எதையும் தர இயலாது என்று பதில் வந்தது. பாலிசியை எடுத்துப் பார்த்தேன்; அந்த நிபந்தனை தடித்த எழுத்தில் இருந்தது. வழக்கு முடிந்து கதவு அகற்றப்பட்டபோதும், அந்த ஏழு வாரச் செலவு முழுவதும் என் கையிலிருந்தே போயிற்று. எந்த வழக்கறிஞரிடமும் போவதற்கு முன் காப்பீட்டாளரின் உதவி எண்ணை அழையுங்கள். பாலிசியில் இருக்கும் சட்ட ஆலோசனைத் தொலைபேசி பெரும்பாலும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். அதை அழைப்பதற்குக் கட்டணமும் இல்லை, அழைத்ததால் கிளெய்ம் கணக்கும் ஏறாது என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன்.

4. இரண்டாம் வீடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலக்கதவு அவர்களே, அந்தக் குடும்பம் கதவுக்கு வெளியே நின்றதை நினைத்தால் மனம் பதைக்கிறது. ஒரு சந்தேகம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், காப்பீட்டாளர் அனுப்பும் வழக்கறிஞரைத்தான் ஏற்க வேண்டும் போலிருக்கிறதே? எங்கள் சொத்துப் பத்திரங்களை எழுதிய வழக்கறிஞருக்கு அந்த வீட்டின் வரலாறு முழுவதும் தெரியும். அவரை விட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவரிடம் போக மனம் வரவில்லை.

5. கோப்புக்காரர்

இது நாட்டுக்கு நாடு மாறும். இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக விதி செய்தது ஐரோப்பிய ஒன்றியம் என்பதால் அதைச் சொல்கிறேன். சட்டச் செலவுக் காப்பீட்டுக்கெனத் தனி நெறிமுறை (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய விதித் தொகுப்பு) ஒன்று 1987-இல் அங்கே இயற்றப்பட்டது. பின்னர் அதன் விதிகள் 2009-ஆம் ஆண்டின் பெரிய காப்பீட்டு நெறிமுறைக்குள் சேர்க்கப்பட்டன. நீதிமன்ற விசாரணையிலோ நிர்வாக விசாரணையிலோ உங்களுக்காக வாதாடும் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது என்று அதன் 201-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கும் காப்பீட்டாளருக்கும் நலன் முரண்பட்டாலும் அந்த உரிமை உண்டு.

நடைமுறையில் காப்பீட்டாளர்கள் இதைக் குறுக்கப் பார்த்திருக்கிறார்கள், நீதிமன்றமும் அதைத் தடுத்திருக்கிறது. ஒரே நிகழ்வால் பலர் பாதிக்கப்பட்டால் எல்லோருக்கும் ஒரே வழக்கறிஞரைத் தாங்களே நியமிப்போம் என்ற நிபந்தனை ஆஸ்திரியாவிலிருந்து வந்த வழக்கில் 2009-இல் செல்லாது என்றானது. வழக்கறிஞர் கட்டாயம் தேவைப்படாத வழக்குகளைத் தங்கள் ஊழியரே நடத்துவார், வெளியாள் வேண்டுமா என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்ற நிபந்தனையை நெதர்லாந்து வழக்கில் 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை.

இருந்தாலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடிதப் போக்குவரத்தும் சமரசப் பேச்சும் நடக்கும் தொடக்கக் கட்டத்தில் தங்கள் பட்டியலில் உள்ள வழக்கறிஞரையே பயன்படுத்த வேண்டும் என்று பல பாலிசிகள் சொல்லும். உங்கள் தேர்வு வழக்குத் தொடுக்கும் கட்டத்தில்தான் உயிர்பெறும். இரண்டாவது, நீங்கள் தேர்ந்தவருக்கும் தங்கள் பட்டியல் விகிதத்தில்தான் கட்டணம் தருவார்கள். உங்கள் வழக்கறிஞர் அதற்கு மேல் கேட்டால் வித்தியாசம் உங்கள் பொறுப்பு. என் கருத்தைக் கேட்டால், வழியுரிமை, எல்லை போன்ற பத்திரத் தகராறுகளில் வித்தியாசத்தைக் கொடுத்தாவது வீட்டை அறிந்தவரை வைத்துக்கொள்வது நல்லது. கூரைக் கசிவுக்கு அது தேவையில்லை. அங்கே வழக்கறிஞரைவிட ஒரு நல்ல கட்டட அளவையாளரின் அறிக்கைதான் வழக்கை நடத்தும்.

6. கணக்குப்பிள்ளை

நான் இதற்கு மாறான கருத்து உடையவன்; மரியாதையோடு சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக விடுமுறை இல்லம் வைத்திருக்கிறேன், இந்தக் காப்பை ஒருமுறையும் எடுத்ததில்லை. ஆண்டுதோறும் அந்தப் பிரீமியத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். காரணம், விலக்குகளின் பட்டியல் காப்பின் பட்டியலைவிட நீளமாக இருக்கிறது. சிறு தகராறுகளுக்கு வழக்கறிஞரே தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் சிறு கோரிக்கை வழியில்தான் விசாரிக்கப்படுகின்றன. அங்கே வென்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பிடமிருந்து வழக்கமாகப் பெற முடியாது. ஆகவே மக்கள் தாங்களே வாதாடுகிறார்கள். பெரிய தகராறோ, வெற்றி வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் காப்பீட்டாளர் பணம் தருவார். அவ்வளவு வலுவான வழக்கு என்றால் எதிர்த்தரப்பே இறங்கி வந்துவிடும். அப்படியிருக்க இது எதற்கு?

7. கோப்புக்காரர்

ஐயா, உங்கள் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். சிறு தொகைத் தகராறுக்கு இந்தக் காப்பு பெரிதாக உதவாது. செலவு, தகராறுத் தொகையைவிட மிகும் என்றால் காப்பீட்டாளரும் பின்வாங்குவார். வெற்றி வாய்ப்பு பற்றியும் நீங்கள் சொன்னது சரியே. பிரிட்டிஷ் பாலிசிகளில் 51 சதவீதம் என்றோ பாதிக்கு மேல் என்றோ எழுதியிருப்பார்கள். அதைத் தொடக்கத்தில் மட்டுமல்ல, வழக்கு நெடுகிலும் மதிப்பிடுவார்கள். நடுவழியில் ஒரு நிபுணர் அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால் ஆதரவு நின்றுவிடலாம். எதிர்த்தரப்பு நியாயமான சமரசத் தொகையைத் தர முன்வந்து, நீங்கள் மறுத்தாலும் நின்றுவிடலாம்.

ஆனால் மறுபாதியை ஏற்க முடியவில்லை. வலுவான வழக்கு என்றால் எதிராளி இறங்கி வருவார் என்கிறீர்கள். என் மேசைக்கு வந்த கோப்புகளில் எதிராளி இறங்கி வந்தது, நம் தரப்பில் வழக்கு நடத்தப் பணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த பிறகுதான். அதற்கு முன் அவர் காத்திருப்பார். விடுமுறை இல்லத்தின் உரிமையாளர் தொலைவில் இருக்கிறார், ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் வருவார், சலித்துப்போய் விட்டுவிடுவார் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பலித்த கோப்புகளையும் பார்த்திருக்கிறேன்; இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது செலவுத்தொகை. அமெரிக்காவில் பொதுவாக ஒவ்வொரு தரப்பும் தன் வழக்கறிஞருக்குத் தானே கொடுக்க வேண்டும். தோற்றாலும் எதிராளியின் கட்டணம் நம் தலையில் விழாது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் தோற்றவர் வென்றவரின் செலவில் பெரும்பகுதியைத் தர வேண்டும். அங்கே எல்லைத் தகராறு ஒன்றில் தோற்றால், சண்டை போட்ட நிலத்துண்டின் மதிப்பைவிடச் செலவுத்தொகை பெரிதாக இருக்கக்கூடும். உங்கள் தனிக் கணக்கு இருபது ஆண்டு சேர்ந்தாலும் அதைத் தாங்குமா என்று பாருங்கள். தகராறு எழுந்த பிறகு எடுக்கும் காப்பீடு ஒன்றும் உண்டு. ஆனால் அதன் பிரீமியம் பெரிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரல் முதல் அந்தப் பிரீமியத்தைத் தோற்றவரிடமிருந்து பொதுவாக வசூலிக்க முடிவதில்லை.

8. கணக்குப்பிள்ளை

தோற்றவர் செலவைத் தரும் நாடுகளைப் பற்றிச் சொன்னது சரியான மறுப்பு. எல்லைத் தகராறை நான் கணக்கில் எடுக்கவில்லை. சிறு தகராறுகளைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

9. மூவர் பங்கு

எங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற விடுமுறை இல்லத்தை நானும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து வைத்திருக்கிறோம். பராமரிப்புச் செலவில் அண்ணன் பங்கு கொடுக்க மறுக்கிறார். காப்பு மூவர் பெயரிலும் இருக்கிறது. இதைப் பயன்படுத்தலாமா?

10. கோப்புக்காரர்

இயலாது. ஒரே பாலிசியில் காப்பு பெற்றவர்கள் தங்களுக்குள் நடத்தும் தகராறைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. காப்பீட்டாளர் இரு பக்கத்துக்கும் பணம் கொடுத்து வழக்கு நடத்த முடியாதல்லவா? பாலிசியில் உள்ள ஆலோசனைத் தொலைபேசியில் பொதுவான விளக்கம் கேட்கலாம். அதற்கு மேல், மூவரும் ஏற்கும் ஒரு சமரசரிடம் போவதே நல்லது. கூட்டுடைமை வீட்டுக்குச் செலவுப் பங்கீட்டையும் விற்பனை முறையையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாதிருப்பது இந்தத் துறையில் நான் கண்ட மிகப் பெரிய குறை. காப்பீட்டால் அதை நிரப்ப முடியாது.

11. எல்லைக்கல்

வேறு நாட்டில் விடுமுறை இல்லம் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. என் வீடும் அப்படிப்பட்டதே. பாலிசியில் ‘புவி எல்லை’ என்று ஒரு சிறு பத்தி இருக்கும். எந்த நாட்டு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குக்கு அவர்கள் செலவு தருவார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நான் குடியிருக்கும் நாட்டில் எடுத்த பாலிசி, வீடு இருக்கும் நாட்டின் நீதிமன்றச் செலவை ஏற்கவில்லை என்பதை அந்தப் பத்தியைப் படித்த பிறகே கண்டேன்.

இது ஏன் முக்கியம் என்றால், நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு நிலம் இருக்கும் நாட்டில்தான் நடக்கும். 1985-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு அந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. வழக்காடிய இருவருமே ஜெர்மானியர்கள். வீடு இத்தாலியில். ஒருவர் மற்றவருக்குச் சில வாரங்களுக்கு வாடகைக்கு விட்டார். வாடகைக்கு எடுத்தவர் ஒப்பந்தத்தில் அனுமதித்ததைவிட அதிகமானோரைத் தங்கவைத்ததால், அதே சமயம் அங்கே தங்கியிருந்த தன் விடுமுறையே பாழாகிவிட்டது என்று உரிமையாளர் இழப்பீடு கேட்டார். குறுகிய கால விடுமுறை வாடகையாக இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தின் கடமைகள் பற்றிய தகராறு இத்தாலிய நீதிமன்றத்துக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. ஒரே நாட்டினர் இருவர் இன்னொரு நாட்டுக்குப் போய் வழக்காடும் இந்த நிலை சங்கடமாக இருந்ததால், பின்னர் ஒரு விலக்கு சேர்த்தார்கள். இப்போது நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டின் 1215 எண் ஒழுங்குவிதியில் அது 24-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மிகாத, தனிப்பட்ட தற்காலிகப் பயன்பாட்டுக்கான வாடகை என்றால், வாடகைதாரர் தனிநபராக இருந்து இருவரும் ஒரே உறுப்பு நாட்டில் வசித்தால், அந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்கலாம். விருந்தினர் வேறொரு நாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஆகவே புவி எல்லைப் பத்தியில் வீடு இருக்கும் நாட்டின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

12. நீலக்கதவு

விருந்தினர் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாரக் கணக்கு முடிந்தும் வெளியேற மறுக்கும் விருந்தினருக்கு எதிராக இந்தக் காப்பு உதவுமா? எங்களுக்கு இதுவரை நேரவில்லை. ஆனாலும் அந்தப் பயம் எப்போதும் இருக்கிறது.

13. கோப்புக்காரர்

உதவும், ஆனால் இரு நிபந்தனைகள் உண்டு. வீட்டை வாடகைக்கு விடுவதைப் பாலிசி எடுக்கும்போதே அறிவித்திருக்க வேண்டும். உண்மையான விடுமுறைத் தங்கல் என்பதற்கான எழுத்து ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தை எடுத்துக்கொண்டால், விடுமுறைக்கென விடப்பட்ட வாடகைக்கு 1988-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் நிலையான குடியிருப்போருக்குத் தரும் பாதுகாப்பைத் தருவதில்லை. 1977-ஆம் ஆண்டின் வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டமும் அதை விலக்கியிருக்கிறது. ஆனால் ‘விடுமுறை’ என்று தாளில் எழுதிவிட்டு, வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு எட்டு மாதம் விட்டால், நீதிமன்றம் தாளைப் பார்க்காது, உண்மையான பயன்பாட்டைத்தான் பார்க்கும். அப்போது காப்பீட்டாளரும் ‘நீங்கள் அறிவித்த பயன்பாடு இதுவல்ல’ என்று விலகிக்கொள்வார்.

எந்த நிலையிலும் நீங்களே பூட்டை உடைத்து உள்ளே போகாதீர்கள். உள்ளே ஆள் இருந்து எதிர்க்கும்போது பலவந்தமாக நுழைவது அங்கே 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டப்படி உங்கள்மேலேயே குற்றமாகும். ஆளில்லாத வீட்டுக்குள் அத்துமீறிக் குடியேறியவர்கள் விஷயம் வேறு. குடியிருப்புக் கட்டடத்தில் அப்படிக் குடியேறுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 செப்டம்பர் 1 முதல் குற்றம். அதற்குக் காவல்துறையை அழைக்கலாம்.

இனி, முதலில் கேட்ட அம்மாவிடம் ஒரு கேள்வி. மேற்கூரையில் இருக்கும் முதல் பென்சில் கோட்டின் தேதி என்ன?

14. இரண்டாம் வீடு

நீங்கள் கேட்டதால் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் கோடு மே 17. கடைசிக் கோடு ஆகஸ்ட் 30. ஏன் கேட்கிறீர்கள்? எங்கள் வழக்குக்கு அது நல்ல சாட்சிதானே?

15. கோப்புக்காரர்

ஒப்பந்ததாரருக்கு எதிராக அது மிக நல்ல சாட்சி. கறை எப்போது தோன்றியது, எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை உங்கள் கணவர் ஒரு அளவையாளரைப் போலப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதே கோடு, நீங்கள் இப்போது எடுக்க நினைக்கும் காப்புக்கு எதிரான சாட்சியும்கூட. சட்டச் செலவுக் காப்பு, பாலிசிக் காலத்துக்குள் எழுந்த தகராறுகளுக்கு மட்டுமே. தகராறுக்குக் காரணமான நிகழ்வு காப்பு தொடங்குமுன் நடந்தது, அல்லது அதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும் என்றால் பணம் கிடைக்காது. ஜெர்மனியில் இன்னும் கடினம். பல தலைப்புகளில் காப்பு தொடங்கிய பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே புதிய காப்பில் ‘ஆம்’ என்று குறியிடுவது நாளைய தகராறுகளுக்குப் பயன்படும். இந்தக் கூரைக்குப் பயன்படாது. மே 17 என்று மேற்கூரையிலேயே எழுதி வைத்துவிட்டு, அடுத்த மாதம்தான் கண்டேன் என்று யாரும் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது.

இதை வாசித்து மனம் தளர வேண்டாம். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சட்டச் செலவுக் கேள்வி இதுவரை உங்கள் கண்ணில் படாதது என்றீர்கள். முன்பு பாலிசிக்குள்ளேயே சேர்ந்திருந்த காப்பை நிறுவனங்கள் சில சமயம் பிரித்து எடுத்து விருப்பத் தேர்வாக்குவார்கள். அப்படியானால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியில் அது ஏற்கனவே இருக்கக்கூடும். மே 17 அந்தப் பாலிசியின் காலத்துக்குள்தான் வருகிறது. கடிதத்தை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு வந்த அட்டவணையையும் நிபந்தனைக் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். தாமதிக்க வேண்டாம். பாலிசிக் காலத்துக்குள் அறிவித்திருக்க வேண்டும் என்றோ, தெரிந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்றோ நிபந்தனை இருக்கும்.

16. இரண்டாம் வீடு

ஐயா, நீங்கள் சொன்னது சரி. கையேட்டின் 41-ஆம் பக்கத்தில் ‘குடும்பச் சட்டப் பாதுகாப்பு’ என்ற பெயரில் அது இருக்கிறது. அட்டவணையில் ‘சேர்க்கப்பட்டுள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். விடுமுறை இல்லத்தின் முகவரியும், வாடகைக்கு விடும் விவரமும் அதில் இருக்கின்றன. பாலிசி முடிய இன்னும் ஐந்து நாள் உள்ளது. வேறு பெயரில் இருந்ததால் நான் இத்தனை நாளும் கவனிக்கவே இல்லை.

ஆனால் ஒரு கவலை. விலக்குகளில், கட்டுமானம், மாற்றியமைத்தல் ஆகிய பணிகள் குறித்த தகராறுகளுக்குக் காப்பு இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. ஓடு மாற்றுவது அதில் அடங்குமா?

17. கோப்புக்காரர்

அந்த வரியைத்தான் அவர்கள் முதலில் எடுத்துக்காட்டக்கூடும். கட்டுமானத் தகராறுகள் நீளமானவை, செலவு மிக்கவை என்பதால் பல நாடுகளிலும் இந்த விலக்கைக் காணலாம். ஜெர்மன் பாலிசிகளில் புதுக் கட்டுமானமும் அனுமதி தேவைப்படும் கட்டட மாற்றமும் வழக்கமாகவே வெளியே நிற்கும். ஆனால் பழைய ஓடுகளை எடுத்துவிட்டு அதே வகை ஓடுகளைப் போடுவது பழுதுபார்ப்பு. கட்டடத்தின் வடிவமோ அளவோ மாறவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ‘கூரை பழுதுபார்த்தல்’ என்றிருந்தால் அந்தச் சொல்லையே அறிவிப்புக் கடிதத்தில் பயன்படுத்துங்கள். ‘வீட்டைப் புதுப்பித்தோம்’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். உண்மையைத் துல்லியமாகச் சொன்னால் போதும். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கடிதத்தில் முதல் பென்சில் தேதியை மறைக்காமல் எழுதுங்கள். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், அவர் வந்து பூசிவிட்டுப் போன தேதி, ஐந்து கோடுகளும் தெரியும் படம் ஆகியவற்றை இணையுங்கள். இதற்கிடையில் தார்ப்பாய் போட்டாவது மேலும் கசியாமல் பாருங்கள். சேதம் பெருக விட்டால் அது உங்கள் தவறாகும். ஆனால் ஒப்பந்ததாரரின் வேலையைப் படமெடுக்காமல் யாரையும் கூரையைப் பிரிக்க விடாதீர்கள். மறுத்துப் பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குள் புகார் செய்த பிறகும் தீராவிட்டால், பெரும்பாலான நாடுகளில் காப்பீட்டுக் குறைதீர் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

18. இரண்டாம் வீடு

நேற்று அறிவித்தேன், இன்று காலை கோப்பு எண் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ‘ஓடு மாற்றிக் கூரை பழுதுபார்த்தல்’ என்றே இருக்கிறது. அதன் நகலையும் அனுப்பினேன். வெற்றி வாய்ப்பை மதிப்பிட ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்திருப்பதாகவும், அதுவரை எந்தச் செலவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்கள். தார்ப்பாய்க்கு மட்டும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். நீலக்கதவு அவர்களே, அது உங்கள் ஏழு வாரக் கதையை நினைத்துச் செய்தது.

புதுப்பிப்புக் கடிதத்தில் ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை தார்ப்பாய் போடப் போகிறோம். ஆறாவது கோடு தேவைப்பட்டால் அதையும் தேதியோடு வரைவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார்.